கைகாட்டியின் புகழ்

ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ரயில் நிலையத்துக்கு வடக்கே முன்பு நின்ற மூன்று சிக்னல்களுக்கு ஒரு புகழுரை பாக்கி இருக்கிறது. 1952 அக்டோபர் 8, புதன்கிழமை காலை, மூடுபனி விலகிக்கொண்டிருந்த நேரத்தில், அவை மூன்றும் தங்கள் வேலையைத் துளியும் பிசகாமல் செய்தன. முதலாவது ஒரு வண்ண விளக்கு. அதில் மஞ்சள் எரிந்தது: அடுத்த சிக்னலில் நிற்க ஆயத்தமாகு. அதற்கு அப்பால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கைகாட்டிகள். இரண்டின் கைகளும் தரைக்கு இணையாக நீட்டியபடி இருந்தன. ‘நில்’ என்று சொல்வதற்கு மனிதன் கண்டுபிடித்த வடிவங்களில் அதைவிடத் தெளிவானது இல்லை. எழுத்தறியாதவருக்கும் அது புரியும். ஆங்கிலம் அறியாதவருக்கும் புரியும். ஒரு மனிதர் குறுக்கே கையை நீட்டித் தடுப்பதைப் போன்ற வடிவம் அது. குழந்தைக்குக்கூட விளக்கம் தேவைப்படாது.

ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரிலிருந்து முந்தின இரவு 8.15-க்குப் புறப்பட்ட கடுகதி ரயில், ஒரு மணிநேரத்துக்கும் மேல் தாமதமாக, மணிக்கு 50 மைலுக்குக் குறையாத வேகத்தில் அந்த மூன்றையும் தாண்டி வந்தது. நிலையத்தின் விரைவுப் பாதையில், ட்ரிங்கிலிருந்து யூஸ்டன் போகும் உள்ளூர் ரயில் ஏறத்தாழ 800 பேருடன் நின்றுகொண்டிருந்தது. நேரம் 8.19. கடுகதி அதன் பின்புறத்தில் மோதியது. சில விநாடிகளில், யூஸ்டனிலிருந்து லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் போகும் இன்னொரு கடுகதி எதிர்த்திசையில் வந்து அந்தச் சிதைவுக்குள் பாய்ந்தது. 16 பெட்டிகள் சிதைந்தன. அவற்றில் 13, ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் 9 மீட்டர் உயரமுமான ஒரே குவியலாக நெரிந்து கிடந்தன. 112 பேர் இறந்தார்கள். 340 பேர் காயமடைந்தார்கள். அமைதிக் காலத்தில் பிரித்தானியா கண்ட ரயில் விபத்துகளில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது. இறந்தவர்களில் பலர் ரயில்வேயிலேயே வேலை செய்தவர்கள். யூஸ்டனில் இருந்த தங்கள் அலுவலகங்களுக்குக் காலையில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

விசாரணையை நடத்தியவர் லெப்டினன்ட் கேர்னல் ஜி. ஆர். எஸ். வில்சன். 1953-இல் அறிக்கை வெளிவந்தது. சிக்னல்களில் பழுதில்லை. சிக்னல்மேன் செய்ததில் தவறில்லை. ஏதோ ஒரு காரணத்தால் சாரதியின் கவனம் சிக்னல்களிலிருந்து விலகியிருக்க வேண்டும். என்ன காரணம்? சாரதியும் அவருடைய உதவியாளரும் முதல் மோதலிலேயே இறந்துவிட்டார்கள். கேட்பதற்கு ஆளில்லை.

ஒரு சிக்னலுக்கு இதைவிட உயர்ந்த நற்சான்று கிடைக்காது. நூற்றுப்பன்னிரண்டு உயிர் போன இடத்தில், ‘நீ சொன்னது தெளிவாகத்தான் இருந்தது’ என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்தது. அந்தத் தீர்ப்பு உண்மை என்றுதான் நானும் நம்புகிறேன். அதனால்தான் இந்தப் புகழை எழுதவேண்டியிருக்கிறது. தெளிவான குறி பார்ப்பவருக்கு வழி சொல்லும். பார்க்கத் தவறியவருக்கு எதிராகச் சாட்சியும் சொல்லும். இரண்டாவது வேலையில் அது ஒருபோதும் தோற்காது.

இந்தத் தெளிவு ஒருநாளில் வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வெள்ளை விளக்குக்குப் ‘போகலாம்’ என்று பொருள். சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் அபாய விளக்கும் வெள்ளையாகவே தெரியும் என்பது தெரிந்தபிறகு, அந்த இடத்துக்குப் பச்சை வந்தது. எச்சரிக்கைக் கைகாட்டியும் நிறுத்தக் கைகாட்டியும் நெடுங்காலம் ஒரே சிவப்பில் இருந்தன. இரவில் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் சாரதிகள் தவித்தார்கள். 1920-களில் எச்சரிக்கை மஞ்சளாயிற்று. 1876 ஜனவரியில் அபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனியில் கைகாட்டிகள் ‘போகலாம்’ என்ற நிலையிலேயே உறைந்துபோய் விபத்து நடந்தது. அதன்பிறகு, வேலை இல்லாத நேரத்தில் கைகாட்டி தடையைக் காட்டியே நிற்கவேண்டும் என்று வழக்கத்தை மாற்றினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் சவப்பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு திருத்தமும் சிக்னலை இன்னும் தெளிவாக்கியது. சிக்னல் கம்பத்தின் மேல் இத்தனை அக்கறை காட்டிய நிபுணர்களை மெச்சாமல் இருக்க முடியாது. நூறு ஆண்டுகளாக அவர்கள் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பத்திலிருந்து பார்வையை எடுத்து, என்ஜினுக்குள் நிற்கும் மனிதரைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஹரோவுக்குத் தெற்கே, பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், பாடிங்டனிலிருந்து மேற்கே ஓடும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில். 1906-இல் ஹென்லி கிளைப் பாதையில் அவர்கள் ஒரு சாதனத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். எச்சரிக்கைச் சிக்னலுக்கு அருகே தண்டவாளங்களின் நடுவில் ஓர் உலோகச் சரிவு. என்ஜின் அதன்மேல் போகும்போது, பாதை திறந்திருந்தால் என்ஜினுக்குள் மணி ஒலிக்கும். எச்சரிக்கை என்றால் ஊதல் அலறும். சாரதி கையை நீட்டி அதை நிறுத்தாவிட்டால் பிரேக் தானாகவே பிடிக்கும். பனியில் கண் தெரியாத போதும், களைப்பில் தலை தொங்கிய போதும், நீராவியைப் பார்ப்பதா நெருப்பைப் பார்ப்பதா என்று கவனம் சிதறிய போதும், செய்தி காதைத் தேடிவந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குள் அந்த ரயில்வேயின் முதன்மைப் பாதைகள் எங்கும் மணி வந்துவிட்டது.

ஹரோ வழியாக ஓடிய பாதை வேறொரு கம்பனியுடையது. அங்கே மணி இல்லை. செலவு அதிகம் என்றார்கள். சாரதிக்கு ஒலியால் துணை செய்தால் அவருடைய விழிப்பு மழுங்கிவிடும் என்ற வாதமும் அந்தக் காலத்து ரயில்வேக்காரர்களிடம் இருந்தது. ஒரு மனிதரின் கண்மேல் எத்தகைய நம்பிக்கை! அந்தக் கண் இரவு முழுவதும் புகையிலும் பனியிலும் விழித்திருந்தது என்பதை அறிந்துகொண்டே, அந்த வேகத்தில் ஒரு மஞ்சள் புள்ளியை அது தவறவிடாது என்று 46 ஆண்டுகள் நம்பினார்கள். மணி இருந்திருந்தால் விபத்து தவிர்ந்திருக்கும் என்பதே வில்சனின் முடிவு. அவசர அவசரமாக வேலை நடந்தது; 1956-இல் பிரிட்டிஷ் ரயில்வேஸ் தன் எச்சரிக்கைச் சாதனத்தின் வடிவத்தை உறுதிசெய்தது. இன்றும் ஓட்டுநர் அறைக்குள் அதுதான் ஒலிக்கிறது. அதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஊதல் ஒலித்து, சாரதி பொத்தானை அழுத்தி அதை ஏற்றுக்கொண்டபிறகு, கண்ணெதிரே ஒரு சிறு வட்டத்தில் மஞ்சளும் கறுப்புமான இதழ்கள் விரியும். சாரதிகள் அதைச் சூரியகாந்தி என்கிறார்கள். ‘நீ எச்சரிக்கை ஒன்றை ஏற்றிருக்கிறாய், மறந்துவிடாதே’ என்பது அதன் செய்தி. காது முதலில், கண்ணுக்கான படம் அதன்பிறகு, நினைவூட்ட. படத்தை அதற்குரிய இடத்தில் வைத்தவர்கள் அதைச் செய்தவர்கள்.

அன்று காலை அந்த மேடையில் இன்னொரு குறியும் போடப்பட்டது. ரைஸ்லிப் பக்கம் முகாமிட்டிருந்த அமெரிக்க விமானப்படையின் மருத்துவக் குழு உதவிக்கு ஓடிவந்தது. அதில் ஏபி ஸ்வீட்வைன் என்ற தாதி, கறுப்பினப் பெண், லெப்டினன்ட். காயப்பட்டவர்களை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதுதான் அன்றைய பிரித்தானிய வழக்கம். இந்தக் குழு மேடையிலேயே ஆட்களைத் தரம்பிரித்து, யாருக்கு முதலில் சிகிச்சை என்று தீர்மானித்து, அங்கேயே வைத்தியம் செய்தது. சிகிச்சை பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று அடுத்து வருபவருக்குத் தெரியவேண்டுமே? ஸ்வீட்வைன் தம் உதட்டுச்சாயத்தை எடுத்து, சிகிச்சை பெற்றவர்கள்மேல் பெருக்கல் குறி போட்டார். எந்தக் குழுவும் கூடி அந்தக் குறியை வடிவமைக்கவில்லை. நிறத்தின் அலைநீளத்தை யாரும் ஆராயவில்லை. அது கோணலாக இருந்திருக்கும், வியர்வையில் அழிந்திருக்கும். ஆனால் குறியைப் போட்டவர் காயப்பட்டவரின் பக்கத்தில் நின்றார். குறி அழிந்தால் மறுபடி போட அவர் அங்கே இருந்தார். பத்திரிகைகள் அவரை ஆறாம் மேடையின் தேவதை என்று எழுதின. இந்தக் கட்டுரையில் வேறெந்த நினைப்பும் கலக்காமல் நான் புகழும் படம் அந்த உதட்டுச்சாயக் குறி ஒன்றுதான்.

கம்பத்தின் புகழுக்குத் திரும்பவேண்டும். 1999 அக்டோபர் 5. மணி முதன்முதல் பரவிய அதே பாடிங்டன் பாதை. லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்குநேர் மோதி 31 பேர் இறந்தார்கள். வெளியே போன ரயில், எஸ்என்109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டியிருந்தது. அந்தச் சாரதி தேர்ச்சி பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவரும் இறந்தார். எஸ்என்109 சிக்னலின் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அதன் பெருமை வெளிப்பட்டது. 1993 ஆகஸ்டிலிருந்து எட்டுமுறை அதைச் சிவப்பில் தாண்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தவறு சாரதியுடையது என்று கணக்கு முடிந்தது. அடுத்த நாளும் சிக்னல் அதே இடத்தில் நின்றது. மேலே ஓடிய மின்கம்பிகளும் தாங்கிகளும் அதை மறைத்தன. அதன் விளக்குகள் வழக்கமான வரிசையில் இல்லை. சிவப்பு பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தது. அன்றைய காலை வெயில் தாழ்வாக, ரயிலின் முதுகுப்பக்கமிருந்து, விளக்குகளின் முகத்தில் விழுந்தது. ஊதலும் இருந்தது. ஆனால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே ஊதல். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்தார்கள் என்றால், அந்த ஒற்றுமையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் கம்பம்தான். அந்த ஆற்றலை அங்கீகரிக்க லோர்ட் கலன் தலைமையிலான விசாரணை தேவைப்பட்டது.

நம்மவருக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கொரமண்டல் கடுகதிக்கு ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் பச்சை விழுந்தது. நேராகப் போ. ஓட்டுநர் பார்த்தார், கீழ்ப்படிந்தார், அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள்தான் ஓட்டினார். தண்டவாளமோ பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றங்களின் பிழையே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அந்தப் பச்சை எவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்கும், எவ்வளவு துல்லியமாக எரிந்திருக்கும்! மங்கலாக எரிந்திருந்தால் ஓட்டுநருக்கு ஒரு சந்தேகமாவது எழுந்திருக்கும்.

ஹரோவில் இருப்பவர்களுக்குத் தினமும் கண்ணில் படும் தெளிவு ரயில் சிக்னல் அல்ல. பாதாள ரயிலின் வரைபடம். அதை வரைந்த ஹரி பெக்கும் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த வரைவாளர்தான் என்பதில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. 1931-இல் அவர் முதல் வரைவைக் கொடுத்தார். இது மிகவும் புரட்சிகரமானது என்று திருப்பி அனுப்பினார்கள். விடாமல் மறுபடி கொடுத்தார். 1932-இல் சோதனையாகச் சில நூறு படிகள் அச்சாயின. 1933 ஜனவரியில் லட்சக்கணக்கில் வெளிவந்து, மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நிலத்தின் மேலே என்ன இருக்கிறது என்பது நிலத்தின் கீழே போகிறவனுக்கு எதற்கு என்பது பெக்கின் கருத்து. தெருவைத் துடைத்தார். மேட்டைத் துடைத்தார். தூரத்தைத் துடைத்தார். கிடைக்கோடு, நெடுங்கோடு, 45 பாகைச் சாய்கோடு: இந்த மூன்றில் ஒரு மாநகரம் முழுவதும் அடங்கியது. உலகின் ரயில் வரைபடங்களில் பெரும்பாலானவை இன்று அவருடைய பிள்ளைகள். அவர் வாழும்போதே 1960-இல் இன்னொருவர் பெயரோடு வரைபடம் வெளிவந்ததும், 1974-இல் அவர் இறந்து நெடுநாள் சென்றபிறகு, இது ஹரி பெக் 1931-இல் உருவாக்கியதன் வளர்ச்சி என்று மூலையில் ஒரு வரி இடம்பெற்றதும் தனிக்கதை. நன்றி சொல்வதற்கும் அந்த வரைபடத்தில் இடம் நெருக்கடிதான்.

இந்த வரைபடத்தின் வலிமைக்கு அறிவியல் சான்றே இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் குவோ 2011-இல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் பயணிகள் பாதையைத் தேர்ந்தெடுப்பதைப் பரிசோதித்தார். உண்மையில் எத்தனை நிமிடம் ஆகும் என்பதைவிட, வரைபடத்தில் கோடு எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்பது ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடுதலாக அவர்களுடைய முடிவை நகர்த்தியது. தினமும் போய்வருகிறவர்கள்கூடத் தங்கள் சொந்தக் கடிகாரத்தைவிடப் படத்தை நம்பினார்கள். பாடிங்டனிலிருந்து போன்ட் ஸ்ட்ரீட் போகிறவர்களில் கணிசமானோர், படத்தில் குறுக்குவழியாகத் தெரிந்த சுற்றுவழியில் போனார்கள். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. ஹரோ வழியாக ஓடும் மெட்ரோபொலிட்டன் பாதையின் கோடியில் செஷமுக்கும் அதற்கு அடுத்த நிலையத்துக்கும் இடையே 6 கிலோமீட்டருக்கும் மேல். படத்தின் பெருந்தன்மையில் இரண்டும் விரற்கடைத் தூரம்தான். இத்தனை பேரை இத்தனை ஆண்டுகளாக இவ்வளவு இனிமையாக நம்பவைத்த தாள் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2009-இல் இன்னும் தெளிவு வேண்டும் என்று தேம்ஸ் நதியையே எடுத்துவிட்டார்கள். ஊரே கொந்தளித்தது, மேயர் தலையிட்டார், அந்த ஆண்டு முடிவதற்குள் ஆறு திரும்பி வந்தது. ஆற்றுக்காகக் குரல் கொடுக்கப் பத்திரிகைகள் இருந்தன.

ஹரோவுக்காக அப்படி யாரும் கேட்கவில்லை. வரைபடத்தில் ஹரோ என்ற பெயருடன் ஐந்து நிலையங்கள் உள்ளன: ஹரோ ஆன் த ஹில், ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டோன், வடக்கு ஹரோ, தெற்கு ஹரோ, மேற்கு ஹரோ. இவற்றில் முதல் இரண்டைப் பாருங்கள். ஒன்று மெட்ரோபொலிட்டன் பாதையில், கருஞ்சிவப்பு. மற்றது பேக்கர்லூ பாதையின் கடைசி, பழுப்பு. இரண்டு கோடுகளும் பேக்கர் ஸ்ட்ரீட்டில் சந்திக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ நேற்று வந்திறங்கிய ஒருவர், வரைபடத்தை மட்டும் நம்பி வீல்ட்ஸ்டோனிலிருந்து ஹரோ ஆன் த ஹில்லுக்குப் புறப்பட்டால், பழுப்புக் கோட்டைப் பிடித்து லண்டனின் நடுவுக்குப் போய், அங்கே மாறி, கருஞ்சிவப்புக் கோட்டில் திரும்பி வரக்கூடும். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நடந்தால் அரைமணி நேரம். 140 அல்லது 182 பஸ்ஸில் ஏறினால் சில நிமிடங்கள். அந்தப் பஸ்கள் வரைபடத்தில் இல்லை. இருந்தால் தெளிவு குலைந்துவிடும்.

உண்மைதான், குலைந்துவிடும். பெக் வரைந்தது பாதாள ரயிலுக்கு. பஸ்ஸை ஏன் காட்டவில்லை என்று அவரைக் கேட்பது முறையல்ல. ஆனால் அந்தத் தாள் எவ்வளவு நேர்த்தியாக அமைந்துவிட்டதோ, அவ்வளவுக்கு அதில் இல்லாதது ஊரிலும் இல்லை என்றாகிவிட்டது. பீங்கான் கோப்பையிலும் துவாயிலும் குடையிலும் அச்சாகிறது அது. பஸ் வலைப்பின்னலுக்கு அப்படியொரு கோப்பை கிடையாது. சுப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை செய்துவிட்டு வரும் நம் பிள்ளைகளும், நோர்த்விக் பார்க் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை போகும் முதியவர்களும் பஸ்ஸில்தான் போகிறார்கள். ரயில் கட்டணம் அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. தெளிவான படத்துக்கு வெளியே வாழும் லண்டன் அது.

என் மாமி வீல்ட்ஸ்டோனில் இருக்கிறார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. வரைபடம் அவருக்கு நிறக்கலவை; அதில் ஒட்டியிருக்கும் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியும் என்பார். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் கறுப்பு வெள்ளையிலும், கண் மங்கியவர்களுக்காகப் பெரிய எழுத்திலும் வரைபடங்கள் அச்சிடுகிறார்கள் என்று ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐரோப்பிய ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது என்பதை நினைத்தால், நிறத்தையே உயிராகக் கொண்ட ஒரு படம் கறுப்பு வெள்ளையிலும் தன்னை அச்சிட்டுக்கொள்வது பெரிய மனது. மாமி அதைத் தடவிப்பார்த்துவிட்டு மடித்து வைத்தார். கேட்டுப் போவதுதான் அவருக்குப் பழக்கம். பாதாள ரயில் நிலையங்களில் பயணச்சீட்டு விற்கும் ஜன்னல்கள் 2015-இல் பெரும்பாலும் மூடப்பட்டபிறகு, கேட்பதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம் இல்லை. நிற்கும் ஊழியரைத் தேடிப் பிடிக்கவேண்டும். சுவரில் வரைபடம் இருக்கிறது. அது எப்போதும் அங்கேயே இருக்கிறது, எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறது, திருப்பிக் கேட்டால் கோபிப்பதில்லை.

ஆனால் மாமி பஸ்ஸில் தனியாகப் போய்வருவார். 2009-க்குள் லண்டன் பஸ்கள் எல்லாவற்றிலும் அடுத்த தரிப்பிடத்தைச் சொல்லும் குரலைப் பொருத்திவிட்டார்கள். ஒரு பெண்குரல். பார்வையற்றோர் கேட்டுப் போராடிப் பெற்ற வசதிகளில் அதுவும் ஒன்று. அதனால் பயன்பெறுபவர்கள் அவர்கள் மட்டுமல்ல.

“எனக்கென்ன பயம் ராசா? பஸ்ஸுக்குள்ள அந்தப் பிள்ளை இருக்கிறாள்தானே. எங்க இறங்கிறதெண்டு அவள் சொல்லுவாள். ஹரோ பஸ் ஸ்டேஷன் எண்டு அவள் சொன்ன உடனே நான் எழும்பிடுவன்.”

அந்தப் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும், எந்தத் தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லும்போது லேசாகச் சளி பிடித்தவள் போலப் பேசுவாள் என்றெல்லாம் மாமிக்குத் தெரியும். அவளுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்றுகூட ஒருநாள் கேட்டார்.

அண்மையில் ஒரு பஸ்ஸில் குரல் வேலை செய்யவில்லை. மாமி தட்டுத்தடுமாறி முன்னால் போய்ச் சாரதியிடம் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சாரதி நல்ல மனிதர். சிரித்த முகத்தோடு, தடுப்புக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி மேலே இருந்த திரையைக் காட்டினாராம். அடுத்த தரிப்பிடத்தின் பெயர் அதில் பெரிய எழுத்தில், நன்றாக வெளிச்சம் விழுந்து, மிகத் தெளிவாக இருந்தது என்று அன்று கூடப் போயிருந்த பேத்தி சொன்னாள்.